சிறுவர்களும் போரும்: உளவளத்துணை மட்டும் போதுமா?

வெள்ளவத்தை ஆசிரியர் எழுதியது:

சிறுவரும் ஆயுத மோதல்களும் பற்றிய ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் ஆண்டறிக்கை 2025 ஜூனில் வெளியானது. ஆயுத மோதல்களின் நடுவே சிறுவருக்கு எதிராக நிகழ்ந்த 41,370 பாரதூரமான மீறல்கள் 2024 ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தப்பட்டதாக அது கூறுகிறது. முந்தைய ஆண்டைவிட இது 25 வீதம் அதிகம். பலஸ்தீனப் பிரதேசங்கள், கொங்கோ, சோமாலியா, நைஜீரியா, ஹெய்ட்டி ஆகியவை பட்டியலின் மேற்பகுதியில் நிற்கின்றன. கொல்லுதலும் அங்கவீனமாக்குதலும், படையில் சேர்த்தல், பாலியல் வன்முறை, கடத்தல், பாடசாலைகளையும் மருத்துவமனைகளையும் தாக்குதல், மனிதாபிமான உதவியைத் தடுத்தல் என்னும் ஆறு வகைகளுக்குள்ளேயே அந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது.

இந்த ஆறில் இடப்பெயர்வு இல்லை. இலங்கைப் போரின் நடுவே, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றார்கள். அந்த இரவில் நடந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் சுடப்படவுமில்லை, கடத்தப்படவுமில்லை. இந்தக் கணக்கின்படி பார்த்தால் அவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் பின்னர் கொழும்புக்கு வந்து சேர்ந்த அவ்வாறான பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற வகையில், அவர்களுக்கு நடந்தது சிறியதொன்று என்று என்னால் கூற முடியாது. பிறப்புச் சான்றிதழும் பாடசாலை விடுகைப் பத்திரமும் இல்லாமல் அவர்கள் வந்தார்கள். பத்தாம் வகுப்பு வயதுடைய பிள்ளை எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும். தந்தை எங்கே என்று கேட்டால், கேள்வி காதில் விழாதது போல் சன்னலைப் பார்க்கும்.

இதை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி இங்கு எந்தக் கூட்டத்தில் பேசினாலும், பேச்சு விரைவிலேயே உளவளத்துணை என்னும் மனநல ஆலோசனையில் வந்து முடிகிறது. சில நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், பாடசாலையில் ஓர் அறை. நான் உளவளத்துணைக்கு எதிரானவன் அல்லன். பிள்ளையின் மனத்துக்குள் ஏதோ கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தையே எதிர்க்கிறேன். போர் அந்தப் பிள்ளையைச் சூழ்ந்திருந்த வீடு, தொழில், உறவு, ஊர், பாடசாலை என்னும் ஒழுங்கையே குலைத்தது. அதை மீளக் கட்டாமல் மனத்தை மட்டும் ஆற்றுவது எவ்வாறு? அனுபவமுள்ளோர் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.


உளமருத்துவத் துறையில் பணிபுரிபவர் (கொழும்பு 8) எழுதியது:

ஆசிரியர் ஐயா அவர்களின் கவலையுடன் பெருமளவு உடன்படுகிறேன். ஆயினும், எங்கள் துறை அறியாத ஒன்றை அவர் கூறவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதையே கூட்டு மனவடு என்ற கருத்தாக வளர்த்தெடுத்தார். தனிமனிதரிடம் காணப்படும் நோய்க்குறிகளை மாத்திரம் நோக்கினால், குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் நேர்ந்த சிதைவு கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

எண்களும் அதையே காட்டுகின்றன. போர் முடிந்த சில மாதங்களுக்குள், 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை, யாழ் மாவட்டத்தில் வீடுகள்தோறும் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்குறிகள் 7.0 வீதத்தினரிடம் காணப்பட்டன. பதகளிப்பு (மனப்பதற்றம்) 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 வீதத்தினரிடமும் இருந்தன. இடம்பெயர்ந்த நிலையிலேயே அப்போதும் வாழ்ந்தவர்களிடம் இவை மேலும் அதிகம். வெளிநாட்டு நிறுவனங்கள் தேடிவந்த மனவடு நோயைவிட, நாளை என்ன ஆகும் என்ற ஏக்கமும் எதிலும் பிடிப்பற்ற சோர்வும் பல மடங்கு பரவியிருந்தன. அந்த ஆய்வு சிறு பிள்ளைகளிடம் கேள்வி கேட்கவில்லை. ஆனால் சோர்ந்துபோன தாய்மாரின் வீடுகளில்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

பிள்ளைகளை நேரடியாக ஆராய்ந்தது வேறோர் ஆய்வு. வடகிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலை மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியானது. போரையும் சுனாமியையும் கண்ட அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் அனுபவித்த வன்முறையையும் ஆய்வாளர்கள் கேட்டறிந்தார்கள். தந்தையின் மதுப்பழக்கமும், குடும்பம் போரை எதிர்கொண்ட அளவும், பிள்ளை வீட்டில் வாங்கிய அடியுடன் தொடர்புற்றிருந்தன. ஷெல் விழுவது நின்ற பிறகும் போர் வீட்டுக்குள் தொடர்ந்தது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

இருந்தாலும் ஒன்றை வலியுறுத்துவேன். ஐந்து வயதுப் பிள்ளை கற்ற பேச்சை மறந்து, படுக்கையை நனைத்து, தாயின் சேலையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும்போது, முதலில் காணியை மீட்டுத் தாருங்கள், பிறகு பார்ப்போம் என்று எங்களால் கூற முடியாது. காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி, திடீர் மயக்கம் என்று உடலால் பேசும் பிள்ளைகள் பொது வைத்தியரிடமே முதலில் வருகிறார்கள். அங்கே அவர்களுடைய மொழியில் கேட்க ஆள் இல்லாவிட்டால், வலிமாத்திரையுடன் திரும்புகிறார்கள். கொழும்பிலும் இது நடக்கிறது.


புத்தளம் வழி கொழும்பு எழுதியது:

ஆசிரியர் குறிப்பிட்ட அதே ஒக்டோபர் 30 ஆம் திகதியில், அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் முன்னர், 1990 இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். விடுதலைப் புலிகள் எங்களுக்கு இரண்டு மணி நேரம் தந்தார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அகற்றப்பட்டார்கள். இடப்பெயர்வு பற்றித் தமிழில் எழுதப்படும் விவாதங்களில் 1995 முதலில் வருவதும், 1990 யாராவது நினைவூட்டினால் மட்டுமே வருவதும் எனக்குப் பழகிப்போய்விட்டது. குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கேள்விக்கு எங்கள் அனுபவம் ஒரு விடையைத் தருகிறது என்பதாலேயே எழுதுகிறேன்.

நான் சிறுவனாகப் புத்தளத்துக்கு வந்தேன். எங்களை ஏற்றுக்கொண்ட மக்கள் முதல் மாதங்களில் காட்டிய அன்பை மறக்க முடியாது. பள்ளிவாசலில் சமைத்துத் தந்தார்கள். தங்கள் தென்னந்தோப்புகளில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். ஆனால் மாதங்கள் ஆண்டுகளாயின. கிணறு ஒன்று, குடும்பங்கள் பல. பாடசாலையில் மேசை ஒன்று, பிள்ளைகள் மூவர். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் காலை வகுப்பும் எங்களுக்குப் பிற்பகல் வகுப்புமாகப் பிரிந்தபோது, ஒரே வயதுப் பிள்ளைகளாகிய நாங்கள் ஒருவரையொருவர் வாசலில் கடந்து செல்பவர்களாக மட்டும் இருந்தோம். பிற்காலத்தில் பல்கலைக்கழக அனுமதியும் அரச வேலையும் பேசப்பட்டபோது, அகதிகள் எங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது. அவர்களும் ஏழைகளே, உப்பளத்திலும் கடலிலும் உழைத்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பாடசாலையும் கிணறும் எந்தப் போர்ச்சேதப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

எனவே சூழலை மீளக் கட்டுதல் என்று பேசும்போது, எந்த ஊரின் சூழல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2009 க்குப் பிறகு யாழ்ப்பாணம் திரும்பிய எங்கள் உறவினர்களின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாழ்ந்த சோனகத் தெரு அவர்களுக்குத் தாத்தாவின் கதை மட்டுமே. திரும்பிச் செல்வதும் அவர்களுக்கு இன்னோர் இடப்பெயர்வுதான்.


மட்டக்குளி வாசகர் எழுதியது:

மன்னிக்கவும், இந்த உரையாடல் மிகவும் மென்மையாகச் செல்கிறது. சூழல், ஒழுங்கு, ஏக்கம் என்று பேசுகிறோம். 1995 செப்டம்பர் 22 ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பாடசாலை மீது விமானம் குண்டு வீசியபோது இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். 2006 ஓகஸ்ட் 14 ஆம் திகதி வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் அதேபோல் விமானக் குண்டுவீச்சில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். யார் செய்தார், யார் பொறுப்பு என்ற கேள்வியை விட்டுவிட்டு மனநலத்தையும் கிணற்றையும் பற்றிப் பேசுவது, குற்றத்தை இயற்கை அனர்த்தம் போலக் காட்டுவதாகும்.


புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

மட்டக்குளி வாசகரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதேவேளை ஆசிரியர் ஐயா ஆறு வகை மீறல்கள் பற்றிக் கூறியதற்கு ஒரு விளக்கம் தேவை. அந்தப் பட்டியல் சிறுவர் படும் துன்பம் முழுவதையும் விவரிப்பதற்காக உருவானதன்று. கிராசா மாச்செல் அம்மையார் 1996 இல் ஐ.நா. பொதுச்சபைக்குச் சமர்ப்பித்த அறிக்கை இடப்பெயர்வு, பசி, கண்ணிவெடி, பொருளாதாரத் தடை, கல்வி இழப்பு அனைத்தையும் விரிவாகப் பேசியது. பாதுகாப்புச் சபை 2005 இல் 1612 ஆம் தீர்மானத்தின் மூலம் கண்காணிப்புப் பொறிமுறையை ஏற்படுத்தியபோது, ஒரு குறித்த தரப்பின் பெயரைக் குறித்து, ஆதாரத்துடன் நிறுவக்கூடியவை மட்டுமே தேவைப்பட்டன. அது ஒரு குற்றப்பத்திரத்தின் ஒழுங்கைக் கொண்டது. குற்றப்பத்திரத்தில் வீட்டின் ஏக்கம் இடம்பெறாது.

சட்டம் ஆசிரியரின் பக்கமும் நிற்கிறது. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 39 ஆம் உறுப்புரை, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் மீண்டு சமூகத்துடன் இணைய அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அந்த மீட்சி பிள்ளையின் ஆரோக்கியத்தையும் சுயமதிப்பையும் கௌரவத்தையும் வளர்க்கும் சூழலில் நிகழ வேண்டும் என்றும் அதே உறுப்புரை சேர்த்துச் சொல்கிறது. ஆகவே சூழலைக் கட்டுதல் என்பது கருணை அன்று, கடமை. இடம்பெயர்ந்தோர் குறித்த 1998 ஆம் ஆண்டின் வழிகாட்டிக் கோட்பாடுகளும் கல்வியையும் ஆவணங்களையும் உரிமையாகவே பேசுகின்றன. அவை ஓர் உடன்படிக்கையின் வலிமை கொண்டவையல்ல என்பதே அவற்றின் குறை.

நான் நீதிமன்ற வளாகத்தில் காண்பதைக் கூறுகிறேன். ஒரு தந்தை காணாமல் ஆக்கப்பட்டால், அவர் இறந்தவராகவும் இல்லை, இருப்பவராகவும் இல்லை. வங்கிக் கணக்கு அவர் பெயரில், காணி உறுதி அவர் பெயரில். மரணச் சான்றிதழ் பெற்றால் இழப்பீடு கிடைக்கலாம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்திடுவது தன் கணவனைத் தானே கொன்றுவிட்டதற்குச் சமம் என்று தாய் மறுப்பாள். இந்த நெருக்கடியைத் தீர்ப்பதற்காகவே 2016 இல் மரணப் பதிவு தொடர்பான தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் அறிமுகமாயிற்று. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. 2017 பெப்ரவரி முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்திருந்த தாய்மார் சான்றிதழ் கேட்டு அமரவில்லை. என் மகன் எங்கே என்று கேட்டு அமர்ந்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காதவரை, அந்த வீட்டில் வளரும் தம்பி தங்கைகளுக்கு எந்த உளவளத்துணையும் அரைகுறையானதே. மட்டக்குளி வாசகர் கேட்கும் நீதியும் ஆசிரியர் கேட்கும் மீளமைப்பும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.


வாவிக்கரையான் எழுதியது:

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். தொழில் நிமித்தம் கொழும்பில் வசிக்கிறேன். ஆட்சேர்ப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பேசுவது எங்களுக்குக் கடினம் என்பது எனக்கும் தெரியும்.

1998 மே மாதத்தில் ஐ.நா. விசேட பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு வன்னிக்கு வந்தபோது, 17 வயதுக்குக் குறைந்தோரைச் சேர்ப்பதில்லை, 18 வயதுக்குக் குறைந்தோரைப் போர்முனையில் ஈடுபடுத்துவதில்லை என்று புலிகள் வாக்குறுதி அளித்தார்கள். 2003 இல் அரசும் புலிகளும் போரால் பாதிக்கப்பட்ட சிறுவருக்கான செயற்திட்டத்தை ஏற்றுக்கொண்டன. வாக்குறுதிகள் இருந்தன, பிள்ளைகளும் தொடர்ந்து போனார்கள். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிளவுபட்டுப் பிரிந்து, ஏப்ரலில் வெருகல் மோதலுக்குப் பிறகு தன் அணியைக் கலைத்தபோது, பெருந்தொகையான பிள்ளைகள் சாறமும் சட்டையுமாக வீடு திரும்பினார்கள். தாய்மார் அவர்களைக் கட்டிப்பிடித்து அழுத கண்ணீர் காய்வதற்குள், புலிகள் மீண்டும் கதவைத் தட்டினார்கள். பின்னர் கருணா அணியும் அதே வேலையைச் செய்தது. அரசாங்கப் படையினரில் சிலர் அதற்கு உடந்தையாக இருந்தார்கள் என்று 2006 நவம்பரில் ஐ.நா. சார்பில் வந்த அலன் றொக் குற்றஞ்சாட்டினார். அரசு மறுத்தது.

அவர்கள் விரும்பித்தானே போனார்கள் என்று சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். சிலர் விரும்பிப் போனார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அண்ணனைப் படையினர் கொண்டுபோனதைப் பார்த்த தம்பி, வீட்டில் சோறு இல்லாத தங்கை, பாடசாலைக்கே வந்து மணிக்கணக்கில் பேசிய பரப்புரையாளரின் சொல்லில் மயங்கிய பதினான்கு வயது. ஒரு பிள்ளையின் முன்னால் இருந்த வாசல்களையெல்லாம் அடைத்து, ஒன்றை மட்டும் திறந்துவைத்துவிட்டு, அது விரும்பி நுழைந்தது என்று கூறுவதை நான் ஏற்கமாட்டேன். வன்னியில் இறுதிக் காலத்தில், திருமணமானவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பள்ளிப் பருவத்துப் பெண்பிள்ளைகளை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தச் சிறுமிகள் எந்தப் பட்டியலில் வருவார்கள்? படையில் சேர்க்கப்படவில்லை. கடத்தப்படவில்லை. பெற்றோரே செய்துவைத்தார்கள். பதினாறு வயதில் கைக்குழந்தையுடன் முள்வேலி முகாமுக்குள் வந்தார்கள்.

2009 இல் போராளிகள் என்று இனங்காணப்பட்ட சிறுவர் 594 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். முதலில் அம்பேபுஸ்ஸ. பின்னர் ஒரு பகுதியினர் இங்கே இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு. சீருடை அணிந்து பரீட்சைக்குப் படித்தார்கள். ஓராண்டுக்குள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். மற்ற நாடுகளுடன் ஒப்பிட்டால் இது நன்றாக நடந்தது என்றே நான் நினைக்கிறேன். இதைச் சொல்வதால் சிலர் என்மீது வருத்தப்படலாம். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு புலனாய்வாளர் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து விசாரித்தால், வேலை தருபவர் யார், பெண் தருபவர் யார்?


கொட்டாஞ்சேனையாள் எழுதியது:

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். 1983 ஜூலையில் பொரளையில் தொடங்கிய தீ எங்கள் வீதிக்கு வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. பெற்றோர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்தார்கள், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், சில ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். அந்தக் கதையை அவர்கள் எங்களிடம் கூறியதில்லை. பஸ்ஸில் அப்பாவை அப்பா என்று உரத்து அழைக்காதே என்று மட்டும் கூறினார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

கொழும்புப் பிள்ளைகளுக்குப் போர் தெரியாது என்று வடக்கிலிருந்து வருபவர்கள் எண்ணுவது வழக்கம். 1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது 91 பேர் இறந்தார்கள், 1,400 பேர் காயமுற்றார்கள், பலர் கண்ணாடிச் சில்லுகளால் பார்வையை இழந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் தெஹிவளையில் ரயிலில் குண்டு. 2008 பெப்ரவரி 3 ஆம் திகதி கோட்டை ரயில் நிலையத்தில் வெடித்த குண்டு டி.எஸ். சேனநாயக்கக் கல்லூரியின் பேஸ்பால் அணி மாணவர்களைக் கொன்றது. அந்தக் காலத்தில் இந்நகரத்தில் கணவனும் மனைவியும் ஒரே பஸ்ஸில் ஏறமாட்டார்கள். ஒருவர் இறந்தாலும் பிள்ளைகளுக்கு மற்றவர் மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு. சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே விதமாகவே இந்தக் கணக்கைப் போட்டன. 2006 ஜூனில் கெப்பித்திகொல்லாவையில் பஸ் ஒன்று கிளைமோர் கண்ணிவெடியில் சிக்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுள்ளும் சிறு பிள்ளைகள் இருந்தார்கள். தமிழில் நடக்கும் விவாதம் என்பதற்காக அவர்களை விட்டுவிட முடியாது.


மட்டக்குளி வாசகர் எழுதியது:

விட்டுவிட வேண்டும் என்று யாரும் கூறவில்லை, சகோதரி. இரு தரப்பும் துன்புற்றது என்ற சொல், இங்கு பெரும்பாலும் விசாரணை வேண்டாம் என்று கூறுவதற்கே பயன்படுத்தப்படுகிறது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி அனுப்பியபோது, அதில் குழந்தைகளும் நோயாளரும் இருந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் அது தொடர்ந்திருக்கும். 2009 இல் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே மக்கள் இறந்தார்கள், ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. அளவையும் அதிகாரத்தையும் மறந்து சமமாகப் பேச என்னால் இயலாது.


கொட்டாஞ்சேனையாள் எழுதியது:

சமம் என்று நான் எழுதவில்லை. கோட்டையில் இறந்த மாணவனின் தாய்க்கும் நாகர்கோவிலில் இறந்த பிள்ளையின் தாய்க்கும் விசாரணை தேவை என்றே எழுதுகிறேன். குற்றத்தின் அளவை நீதிமன்றம் நிறுக்கட்டும். தாய்மாரை நாம் நிறுக்க வேண்டாம்.


ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் எழுதியது:

படித்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு சிறு விடயம் கூறுகிறேன். 1995 முதல் தேசிய போலியோ சொட்டு மருந்து நாட்கள் நடத்தப்பட்டபோது, அந்த நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்த இணங்கின. குளிர்ப்பெட்டிகளில் மருந்து எல்லை கடந்து போயிற்று, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுக்கப்பட்டது. இந்நாட்டில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி காணப்பட்டது 1993 இல்; போர் நடந்த ஆண்டுகள் முழுவதும் அது திரும்பி வரவில்லை. அந்தத் திட்டத்தில் பணி செய்தவள் என்ற வகையில் எனக்கு அதில் பெருமை உண்டு. அதே காரணத்தால் எனக்குள் ஆறாத ஒரு கேள்வியும் உண்டு. சொட்டு மருந்துக்காக ஒரு நாள் துப்பாக்கியைக் கீழே வைக்க முடிந்தவர்களுக்கு, மண்ணெண்ணெயும் பால்மாவும் வைத்தியசாலைக்கு மயக்க மருந்தும் எல்லை கடந்து போக விடுவதற்கு ஏன் முடியவில்லை? முடியாது என்பதில்லை, விரும்பவில்லை.


வெள்ளவத்தை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சட்டத்தரணி அவர்களின் விளக்கம் என் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. குற்றத்தை நிறுவும் பட்டியல் வேறு, இழப்பை ஈடுசெய்யும் பட்டியல் வேறு. முதலாவது எங்களிடம் அரைகுறையாக இருக்கிறது. இரண்டாவதை இந்நாட்டில் எவரும் எழுதவே இல்லை. அம்மா அவர்கள் கூறிய சொட்டு மருந்து போல, பாடசாலையும் போர்க்காலத்தில் வியப்புக்குரிய விதத்தில் இயங்கியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் ஆசிரியர் சம்பளமும் இலவசப் பாடநூலும் கொழும்பிலிருந்தே சென்றன. மர நிழலில் வகுப்பு, முற்றத்தில் பதுங்கு குழி, இரவில் போத்தல் விளக்கு, ஆனாலும் நாடு முழுவதற்குமான அதே வினாத்தாள். 2009 ஓகஸ்டில், இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமுக்குள்ளேயே பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள்.

இதைப் புகழ்ந்து பேசும்போது எனக்குச் சிறு தயக்கம் உண்டு. விளக்கொளியில் படித்து வைத்தியரானவரின் கதையை நாங்கள் மேடைதோறும் கூறுகிறோம். அதே விளக்கின் கீழ் அமர்ந்து, மூன்று முறை இடம்பெயர்ந்து, கணிதத்தில் அடிப்படையே இல்லாமல் சாதாரண தரப் பரீட்சையில் தோற்று, மேசன் வேலைக்குப் போனவர்கள் அவரைவிட எத்தனையோ மடங்கு. அவர்களுக்கு மனவடு நோய் இல்லாமலும் இருக்கலாம். அவர்கள் இழந்தது ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். அதை ஈடுசெய்ய உளவளத்துணையாளர் தேவையில்லை. மாலையில் பின்னம் கற்பிக்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். போர் முடிந்த ஆண்டுகளில் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் கிடைத்த அக்கறை, வயது கடந்த மாணவருக்கான அத்தகைய வகுப்புகளுக்குக் கிடைக்கவில்லை. புத்தளம் சகோதரர் கூறிய பிற்பகல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் இன்று முப்பதும் நாற்பதும் வயதான பெற்றோர். அவர்களுடைய பிள்ளைகளே இப்போது எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள்.


உளமருத்துவத் துறையில் பணிபுரிபவர் (கொழும்பு 8) எழுதியது:

ஆசிரியர் ஐயா கூறும் மாலை வகுப்பையே சிகிச்சை என்று நான் அழைப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தன் பெயர் தெரிந்த ஒரு பெரியவர் தனக்காகக் காத்திருப்பார் என்ற உறுதி, கலங்கிய பிள்ளைக்கு மருந்தைவிட அதிகம் செய்யும். மட்டக்களப்பில் 1990களில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அந்த நம்பிக்கையிலேயே இயங்கியது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வரைந்தார்கள், களிமண்ணில் விளையாடினார்கள், கதை கட்டினார்கள். யாரும் அவர்களை நோயாளி என்று அழைக்கவில்லை. தனிச் சிகிச்சை தேவைப்படும் சிறு தொகையினரை இனங்கண்டு அனுப்ப, அவ்வாறான இடத்தில் நிற்கும் ஆசிரியரால்தான் இயலும். அதற்கு வெளியிலிருந்து வரும் மூன்று நாள் பயிற்சி போதாது. அதே ஆசிரியர் அதே பாடசாலையில் சில ஆண்டுகளாவது இருக்க வேண்டும். கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் நியமனம் பெற்று முதல் வாய்ப்பிலேயே இடமாற்றம் கேட்கும் நிலை தொடர்ந்தால், நாம் இங்கு பேசுவது எதுவும் நடக்காது.


வாவிக்கரையான் எழுதியது:

இடமாற்றம் பற்றிக் கூறியது முற்றிலும் உண்மை. சட்டத்தரணி ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் ஊரில் ஒரு தாய், 2006 இல் கொண்டுபோகப்பட்ட கணவரின் பெயரிலுள்ள காணியை மகளின் படிப்புக்காக ஈடு வைக்க முயன்று, மரணச் சான்றிதழ் கொண்டுவரும்படி திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். அவர் அதைப் பெற மறுக்கிறார். நீங்கள் குறிப்பிட்ட மற்றச் சான்றிதழ் அவருக்கு உதவுமா?


புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

அவர் மரணச் சான்றிதழ் பெறத் தேவையில்லை. அவரை யாரும் அதற்கு வற்புறுத்தவும் கூடாது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் கணவர் இறந்தார் என்று கூறுவதில்லை. அதைக் கொண்டு கணவரின் சொத்தைப் பராமரிக்கவும், பிள்ளைகளின் பாதுகாவலர் என்ற நிலையை உறுதிப்படுத்தவும், சமூக நலக் கொடுப்பனவுகளைக் கோரவும் வழியுண்டு. காணியை ஈடு வைப்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருக்கலாம். உறுதியைப் பார்த்த பிறகே அதைக் கூற முடியும். பொலிஸில் முறைப்பாடு செய்த பிரதி, கிராம அலுவலரின் கடிதம், முன்னர் ஆணைக்குழு எதன் முன்னாவது சாட்சியமளித்திருந்தால் அதன் இலக்கம் ஆகியவற்றை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தனிச்செய்தியில் எனக்கு எழுதுங்கள். கட்டணம் எதுவும் வேண்டாம்.